தொண்ணூறு அடிக்காரர்

அந்தச் சோதனைக் கூடத்தில் அவருக்குப் பெயர் தொண்ணூறு. வீட்டில் வேறு பெயர் உண்டு. ஆனால் பதினொரு வருஷமாகப் பகல் முழுக்க அப்படியே கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைத்தெருவில் யாராவது விலை சொல்லும்போது அந்த எண் காதில் விழுந்தால்கூட 'என்ன?' என்று திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

பெயர் வந்த விதம் சாதாரணமானது. கோல்ஃப் மைதானத்தின் பதினெட்டுக் குழிகளிலும் பந்தைப் போட்டு முடிக்கக் கைதேர்ந்த ஆட்டக்காரன் எழுபத்திரண்டு அடி எடுத்துக்கொள்வான். இவர் தொண்ணூறு எடுத்துக்கொள்வார். வெயிலடித்தாலும் காற்றடித்தாலும் தொண்ணூறு. மிஞ்சிப் போனால் இரண்டு கூட, இரண்டு குறைய. அதுதான் அவருடைய தகுதி. மட்டை செய்யும் அந்தக் கம்பெனி அவரை வேலைக்கு வைத்துக்கொண்டது அதற்காகத்தான்.

கம்பெனி கைதேர்ந்தவர்களுக்கு மட்டை செய்வதில்லை. வாரம் முழுக்க வேறெங்கோ உழைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து பத்துப் பந்தைப் புதரில் தொலைத்துவிட்டுப் போகிறார்களே, அவர்களுக்காகச் செய்தது. நன்றாக ஆடுகிறவன் மட்டை முகத்தின் நட்டநடுவில் பந்தை வாங்குவான். சாதாரண ஆள் ஓரத்தில் வாங்குவான்; பந்து கோணிக்கொண்டு எங்கேயோ போகும். ஓரத்தில் பட்டாலும் போகட்டும் என்று பந்தை ஓரளவு நேராக அனுப்பிவைக்கிற மட்டைக்குத்தான் சந்தை. பிழை பொறுக்கும் மட்டை என்று விளம்பரத்தில் போடுவார்கள். அப்படி ஒன்றைச் செய்ய வேண்டுமானால், சாதாரண ஆள் எங்கே, எப்படி, எத்தனை தரம் பிழை செய்கிறான் என்று முதலில் தெரிய வேண்டும். கூடத்தின் மூலையில் இரும்புக் கை வைத்த இயந்திரம் ஒன்று நின்றது. சொன்ன இடத்தில் சொன்ன வேகத்தில் அடிக்கும். அதற்குத் தானாகத் தப்பு செய்யத் தெரியாது. ஆகவே தப்பு செய்வதற்கென்று ஐந்து மனிதர்களை வைத்திருந்தார்கள். ஐந்து பேரில் மூத்தவர் தொண்ணூறு.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல. மட்டை முகத்தில் வெள்ளைப் பவுடரைப் பீய்ச்ச வேண்டும். பந்தை வலைக்குள் அடிக்க வேண்டும். பட்ட இடத்தில் பவுடர் கலைந்து வட்டமாக ஒரு தடம் விழும். அதைக் கேமரா படம் எடுத்துக்கொள்ளும். ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி பவுடர். காலையில் இரும்பு மட்டைகள் நூறு அடி. சாப்பாட்டுக்குப் பிறகு டிரைவர் நூறு அடி. டிரைவர் என்பது முதல் அடிக்கான நீள மட்டை. தலை பெரிதாக, உள்ளே குழிந்து, தட்டினால் டப்பா போலச் சத்தம் போடும். இது தெரியாத பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தடவை, "டிரைவர் வேலைன்னு சொன்னாங்க, என்ன வண்டி சார் ஓட்டறீங்க?" என்று கேட்டார். விளக்கிச் சொல்ல அலுப்பாக இருந்தது. "பெரிய வண்டிதான்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வேலைக்கு ஒரே ஒரு நிபந்தனை. பயிற்சி எடுக்கக் கூடாது, யாரிடமும் பாடம் கேட்கக் கூடாது, முன்னேறக் கூடாது. வருஷத்துக்கு இரண்டு முறை வெளி மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆடவைத்துப் பார்ப்பார்கள். எண்பத்தைந்துக்குக் கீழே வந்துவிட்டால் அவன் சாதாரண ஆள் இல்லை. கம்பெனிக்கு அவன் உதவமாட்டான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் அப்படித்தான் எண்பத்தொன்று அடித்துவிட்டான். மேலாளர் கேக் வெட்டி, பூங்கொத்து கொடுத்து, 'உங்கள் முன்னேற்றத்துக்கு வாழ்த்துகள்' என்று அச்சடித்த அட்டையை நீட்டி, வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அன்று எல்லோரும் கை தட்டினார்கள். தொண்ணூறும் தட்டினார். தன் பங்குக் கேக்கைப் பாதியிலேயே வைத்துவிட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அது அவருக்கும் வந்தது.

ஓரத்தில் பட்டால் கையில் தெரியும். மணிக்கட்டில் சுருக்கென்று ஏறும். குளிர்நாளில் பல்வரை போகும். அன்றைக்கு அவர் அடித்த அடியில் கையில் ஒன்றுமே தெரியவில்லை. பந்து அங்கே இருந்ததா என்றுகூடச் சந்தேகமாக இருந்தது. குனிந்து மட்டையைப் பார்த்தார். நட்டநடுவில் வட்டம். அடுத்ததும் அதே இடம். அதற்கடுத்ததும். ஆசைப்பட்டு வந்ததல்ல அது. ஒன்பது வருஷம், நாளொன்றுக்கு இருநூறு என்று அடித்துக் கொண்டிருந்த உடம்பு, அவரைக் கேட்காமல் தானே கற்றுக்கொண்டுவிட்டது.

ஒரு பத்து நிமிஷம் சந்தோஷமாக இருந்தார். அதற்குப் பிறகு கேக் ஞாபகம் வந்தது.

ஐம்பத்து நாலு வயது. அதற்கு முன்னால் இருந்த வேலை கிடங்கில் பெட்டி அடுக்குவது. முழங்கால் அங்கேயே போய்விட்டது. இனி ஒரு இடத்தில் போய், என்ன தெரியும் என்று கேட்டால், சுமாராகப் பந்தடிப்பேன் என்றா சொல்வது? யோசித்துக்கொண்டே நின்றவர், பந்துக்கு ஒரு கட்டைவிரல் அகலம் கிட்டே போய் நின்றார். அடித்தார். முகத்தின் கீழ்மூலையில், காம்பு வந்து சேருகிற பக்கமாக வட்டம் விழுந்தது. மணிக்கட்டில் சுருக்கென்றது. பழைய வலி. கூடத்தில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்றிலிருந்து பத்தில் ஆறு அடி அந்த மூலைக்கு. நான்கு அடி எங்கேயாவது. இரும்பு மட்டையில் பொய் சொல்வது கஷ்டம்; அதில் பந்துக்கு முன்னால் தரையைச் சுரண்டிச் சமாளித்துக்கொண்டார். வெளி மைதானத்துக்குப் போகும் நாளில் குழிக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிற பந்தை வேண்டுமென்றே விலக்கித் தள்ளுவார். அதுதான் எல்லாவற்றையும்விட அலுப்பான வேலை. கண் முன்னால் குழி. பந்தும் அங்கேதான் போகப் பார்க்கும். அதைப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மனைவியிடம் சொல்லவில்லை. அவள் தபால் பிரிக்கும் இடத்தில் விடியற்காலை வேலை பார்த்துவிட்டு மத்தியானம் வருவாள். சாயங்காலம் இரண்டு பேரும் சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, அவள் கைவிரலையும் இவர் மணிக்கட்டையும் தைலம் போட்டு நீவிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் பேச்சு அதிகம் இருக்காது. இருபத்தாறு வருஷத்தில் பேசவேண்டியதெல்லாம் பேசியாகிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படியில்லை என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

இப்படியே இரண்டு வருஷம் போன பிறகு, ஒரு திங்கட்கிழமை பொறியாளர் அவரைக் கூப்பிட்டாள். முப்பது வயது தாண்டாத பெண். பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு அதையே மேஜை முழுக்கத் தேடுவாள். புது டிரைவர் அவள் பொறுப்பு. எட்டு மாதமாக அவள் கண்ணுக்குக் கீழே கருப்பு ஏறிக்கொண்டே வந்தது.

"அண்ணா, ஒரு நிமிஷம் வாங்க. உங்க படத்தைக் காட்டறேன்."

கம்ப்யூட்டர் திரை முழுக்க ஒரு மட்டையின் முகம். அதன்மேல் புள்ளிப் புள்ளியாகத் தடங்கள். புள்ளி அடர்ந்த இடம் மஞ்சள், இன்னும் அடர்ந்த இடம் சிவப்பு. காம்புப் பக்கக் கீழ்மூலை பழுத்துக் கிடந்தது.

"இது யாரு?"

"நீங்கதான். ரெண்டு வருஷம், நாப்பதாயிரம் அடி."

"மத்த நாலு பேரு?"

"அவங்களும் உள்ள இருக்காங்க. ஆனா ரெண்டு பேரு புதுசு. ஒருத்தரு வந்தா வருவாரு, வராட்டி லீவு. நம்ம வாத்தியார் இருக்காரே, நேத்து அடிச்சதுக்கும் இன்னைக்கு அடிக்கறதுக்கும் சம்பந்தமே இருக்காது. உங்கள மாதிரி ஒரே சீரா யாருமே தப்பு செய்யறதில்லண்ணா. உங்கள நம்பித்தான் நான் வரஞ்சேன்."

அவள் சிவப்பு இடத்தில் விரலை வைத்தாள். இங்கே தகட்டை மெலிசாக்கியிருக்கிறேன், பந்து பட்டால் வில் மாதிரி வளைந்து கொடுக்கும் என்றாள். தலையின் எடையையும் இந்தப் பக்கமாக நகர்த்தியிருக்கிறேன் என்றாள். வெள்ளிக்கிழமை எல்லோரும் கையெழுத்து போடுகிறார்கள். அதற்குப் பிறகு அச்சு வெட்டப் போய்விடும். வெட்டிய அச்சை மாற்ற முடியாது.

"இத்தன வருஷமா ஓரத்துல அடிச்சு அடிச்சு நொந்து போயிருக்காங்களே, அவங்களுக்கெல்லாம் இது விடிவுண்ணா" என்றாள்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். எவனோ ஒருவன் கட்டைவிரல் அகலம் கிட்டே போய் நின்றதால் விழுந்த சிவப்பு.

"என்னண்ணா, பேச்சையே காணோம்?"

"நல்லா இருக்கும்மா."

மாதிரி மட்டை ஒன்றைக் கையில் கொடுத்து அடிக்கச் சொன்னாள். வழக்கமான இடத்தில் நின்றார். அதாவது வழக்கமாகப் பொய் சொல்கிற இடத்தில். கீழ்மூலையில் பட்ட பந்து கோடு போட்டது மாதிரி நேராகப் போனது. மணிக்கட்டில் வலியே இல்லை. பந்து போகிற வேகத்தையும் திசையையும் அளக்கிற ரேடார் பக்கத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள். பொறியாளர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூக்கமில்லாதவர்களுக்கு வருகிற மாதிரி, சிரித்துக்கொண்டே.

"நீங்களே ரெண்டு நாள் வெச்சு ஆடிட்டு வாங்க. உங்களுக்கு அளவெடுத்துத் தெச்ச சட்டை மாதிரி இருக்கும்."

புதன்கிழமை மத்தியானம் அவருக்கு ஓய்வு. மைத்துனனைக் கூப்பிட்டுக்கொண்டு ஊர்ப் பொது மைதானத்துக்குப் போனார். மைத்துனன் மனைவியின் தம்பி. பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்துகொடுக்கிற தொழில். கோல்ஃப் பைத்தியம். ஆட்டத்தில் நூற்றுக்குக் கீழே வந்ததே கிடையாது. ஒவ்வொரு வருஷமும் புது மட்டை வாங்குவான். வாங்கின ஒரு வாரம் மனித ஜென்மத்தில் சேர்த்தியாக இருப்பான். அப்புறம் பழைய முகம்.

தரை முழுக்கப் பிளாஸ்டிக் புல். தகரக் கூரை. வாளியில் நூறு பழைய பந்துகள். அவர் சட்டைப் பையிலிருந்து மனைவியின் முகப் பவுடர் டப்பாவை எடுத்துக் கைக்குட்டையில் கொட்டி, புது மட்டையின் முகத்தில் ஒத்தி ஒத்தித் தடவினார்.

"என்ன மாமா, மட்டைக்கு மேக்கப்பா? அக்கா கண்டா உங்க முகத்துல வேற பவுடர் போடுவா."

"அடி மாப்ள."

"இது இன்னும் கடைக்கே வரலதானே? ஐயோ, கையெல்லாம் வேர்க்குது."

வேர்த்த கையை இரண்டு தரம் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு அடித்தான். மட்டைத் தலை அவன் கைக்குள் திருகிக்கொண்டது. பந்து கொஞ்ச தூரம் போய், மனம் மாறினது மாதிரி வளைந்து வேலியில் விழுந்தது. முகத்தில் தடம் மேல்பக்கம், நுனி ஓரம்.

"கை சூடாகல. இன்னொண்ணு."

இன்னொன்று. நுனி ஓரம். அதற்கடுத்தது நடுவுக்குக் கொஞ்சம் மேலே. அப்புறம் மறுபடி நுனி. தொண்ணூறு துடைக்காமல் தடங்களைச் சேரவிட்டார். இருபது அடி முடிந்தபோது மட்டை முகத்தில் அரிசி சிந்தினது மாதிரி மேலேயும் நடுவிலும் நுனியிலும் இறைந்து கிடந்தன. காம்புப் பக்கக் கீழ்மூலையில் ஒன்றே ஒன்று. அது அவன் தும்மிக்கொண்டே அடித்தது.

அவர் செல்போனில் அதைப் படம் எடுத்தார். பிறகு அவனுடைய பழைய மட்டையில் பவுடர் பூசிக் கொடுத்தார். தடங்கள் அதே மாதிரிதான் இறைந்தன. ஆனால் பந்துகள் புது மட்டையில் போனதைவிட நேராகப் போயின.

மைத்துனன் புது மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகத்தில் ஏமாற்றத்தைக் காட்டிலும் அவமானம்தான் அதிகம் இருந்தது.

"நான் அவ்ளோ மோசமா மாமா? பிழை பொறுக்கறதுன்னே செஞ்ச மட்டை. அதுக்கே என்னைத் தாங்க முடியல."

"உன்மேல ஒண்ணும் தப்பில்ல."

"அப்ப யாருக்குச் செஞ்சாங்க இதை?"

"உன்ன மாதிரி ஆளுக்கு."

"என்ன மாதிரி ஆளுன்னா என்னைத்தானே அளந்திருக்கணும்? எவனோ ஒருத்தன் வாய்ல அச்செடுத்து, ஊருக்கே அதுல பல்லு கட்டிக் குடுத்தா எப்பிடி இருக்கும், சொல்லுங்க. அவன் ஒருத்தன் நல்லா மெல்லுவான். மத்தவன் கஞ்சி குடிக்க வேண்டியதுதான்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். "போகட்டும். அடுத்த வருஷம் வேற வரும்."

அவர் சிரிக்கவில்லை. வாளியில் மிச்சமிருந்த பந்துகளை எண்ணாமல் எண்ணிக்கொண்டிருந்தார். இவன் அடுத்த வருஷமும் வாங்குவான். இந்த வருஷம் இதைத்தான் வாங்குவான். தன் கைமேல் சந்தேகப்பட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக வேலியை அடித்துக்கொண்டிருப்பான். இவனைப் போல எத்தனையோ பேர்.

சாயங்காலம் மனைவி பவுடர் டப்பாவைத் திறந்தாள். பாதி காலி.

"இதுல இருந்த பவுடர் எங்க?"

"நான்தான் எடுத்தேன்."

"உங்களுக்கு எதுக்கு இந்த வயசுல?"

அவர் தைலப் புட்டியின் மூடியைத் திறந்து மூடினார். திறந்து மூடினார். அவள் விரலை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. இரண்டு வருஷம் சுமந்தது இவ்வளவுதானா என்று அவருக்கே இருந்தது.

"அப்ப இப்ப ஒழுங்கா அடிச்சா?"

"வேலை போகும்."

"எங்க ஆபீசுல எல்லாம் ஒழுங்கா செய்யலன்னாதான் போகும்."

"இங்க இப்பிடி."

வெளியே யாரோ வண்டியைக் கிளப்பப் பார்த்து, கிளம்பாமல், மறுபடி பார்த்தார்கள்.

"ரெண்டு வருஷமா எதிர்ல உக்காந்து கைய நீவி விடறேன்" என்றாள். "வேணும்னே வரவெச்ச வலின்னு தெரியாம."

அவள் எழுந்து போய்ப் பாத்திரங்களைக் கழுவினாள். ஒரு பாத்திரத்தையே இரண்டு முறை கழுவினாள். அப்புறம் திரும்பாமல் கேட்டாள்:

"நாளைக்குச் சாப்பாடு கட்டணுமா?"

"கட்டு."

"வெள்ளிக்கிழமைக்கு?"

"தெரியல."

வியாழக்கிழமை காலை கூடத்தில் பொறியாளர் மட்டும் இருந்தாள். கையெழுத்துக்கான தாள்களை மேஜைமேல் அடுக்கிக்கொண்டிருந்தாள். வழியில் மனசுக்குள் தயார் செய்துகொண்டு வந்த வாக்கியங்கள் வாசற்படியிலேயே அவரை விட்டுவிட்டுப் போய்விட்டன.

"ஒரு பத்து அடி அடிக்கறேன். பாரும்மா."

"இப்பவாண்ணா? எல்லாம் முடிஞ்சுதே."

"பாரு."

பழைய மாடல் டிரைவரை எடுத்து, பவுடர் பீய்ச்சிக்கொண்டு நின்றார். இனி மறைக்க ஒன்றுமில்லை. நடுவில் அடித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அடித்தார். மணிக்கட்டில் சுருக்கென்றது.

காம்புப் பக்கம், கீழ்மூலை.

"வழக்கம் போலத்தானே இருக்கு" என்றாள் பொறியாளர்.

இரண்டாவது அடி. அதே மூலை. குனிந்து காலைப் பார்த்தார். கால் அவரைக் கேட்காமல் கட்டைவிரல் அகலம் கிட்டே போய் நின்றிருந்தது. ஒரு தடவை உடம்பு தானாகச் சரியாக அடிக்கக் கற்றுக்கொண்டது; அதே உடம்பு பொய்யையும் அதே சிரத்தையாகக் கற்றுவைத்திருந்தது. உண்மையைச் சொல்ல வந்த இடத்தில் அதுவே அவரை நம்பவிடாமல் செய்துகொண்டிருந்தது.

பேசாமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கையெல்லாம் வலிக்கிறதும்மா, சும்மா அடித்துப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டுப் போய்ச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கலாம். அவள் தாள் பக்கம் திரும்பியும் விட்டாள்.

அவர் குனிந்து ஷூவைக் கழற்றினார். காலுறையோடு விரிப்பில் நின்றார். கால் புதிதாக இருந்தது. கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். இன்னும் கொஞ்சம்.

அடித்தார். கையில் ஒன்றுமே தெரியவில்லை.

நாலாவது அடி. ஐந்தாவது. துடைக்காமலே அடித்தார். நட்டநடுவில் ஒரே ஒரு வட்டம். அதன் விளிம்பு மட்டும் லேசாகப் பெரிதாகிக்கொண்டு வந்தது. ரேடார் ஒவ்வொரு தடவையும் கிணுகிணுவென்று சத்தம் போட்டது. பொறியாளர் எப்போது பக்கத்தில் வந்து நின்றாள் என்று அவர் பார்க்கவில்லை. பத்து முடிந்ததும் மட்டையைத் திருப்பி அவள் முன்னால் நீட்டினார். கீழ்மூலையில் இரண்டு தடம். நடுவில் எட்டு அடிக்கும் சேர்த்து ஒரு நாணய அளவு.

அவள் ரொம்ப நேரம் அதைப் பார்த்தாள். கூடத்தின் மேலே காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்டது.

"எவ்ளோ நாளா?"

"ரெண்டு வருஷம்."

"அந்தச் சிவப்பு?"

"நான் வேணும்னே கிட்டப் போய் நிக்கறதும்மா. வேலை போயிடும்னு."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முட்டியை மடக்கி விரிப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எட்டு மாசம்ணா. எங்கம்மா ஆஸ்பத்திரில இருந்தப்பகூட லேப்டாப்ப மடில வெச்சிக்கிட்டு உங்க புள்ளியத்தான் கூட்டிட்டு இருந்தேன். ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஆளு, பாவம்னு நெனச்சு."

"மன்னிச்சிடும்மா."

அவர் செல்போனை எடுத்து மைத்துனன் அடித்த இருபது தடத்தைக் காட்டினார். அவள் வேண்டாவெறுப்பாக வாங்கினாள். பிறகு படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். கை தானாகக் கொண்டைக்குப் போய்ப் பென்சிலை உருவியது.

"யாரு இது?"

"என் மச்சினன். பல்லு செட்டு செய்யறவன்."

"நெஜமாவே இப்பிடித்தான் அடிப்பாரா?"

"நெஜமாவே. அவனுக்கு வேற மாதிரி அடிக்கத் தெரியாது."

அவள் எழுந்து மேஜைக்குப் போனாள். அடுக்கி வைத்த தாள்களைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள். மேலாளர் அறைக் கதவைத் தட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் அந்தக் கதவுக்கு முன்னால் சும்மா நின்றாள். அவர் காலுறையோடு நின்று அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை யாரும் கையெழுத்து போடவில்லை. புது டிரைவர் அந்த வருஷம் வராது என்று ஆயிற்று. அடுத்த செவ்வாய்க்கிழமை அவருக்கு வழியனுப்பு. நடந்தது இன்னது என்று மேலாளருக்குத் தெரியும். ஆனால் அலமாரியில் ஒரே மாதிரி அட்டைதான் இருந்தது. 'உங்கள் முன்னேற்றத்துக்கு வாழ்த்துகள்.' அதை மேலாளர் இவர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். இவரும் மேலாளர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். கேக் வெட்டினார்கள். வாத்தியார் மட்டும் ஒன்றும் தெரியாமல், "தொண்ணூறு, இனிமே உம்மை என்னன்னு கூப்பிடறது?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். பொறியாளர் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் திரையில் வெறும் மட்டை முகம் தெரிந்தது. புள்ளி ஒன்றும் இல்லாமல், சாம்பல் நிறமாக.

ஒரு மாதம் கழித்து மைத்துனனைக் கூப்பிட்டனுப்பினார்கள். பல் வேலை போக, மத்தியானம் மட்டும் வந்து அடித்துவிட்டுப் போகலாம் என்றார்கள். முதல் நாள் முடிந்து நேராக அக்கா வீட்டுக்குத்தான் வந்தான். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, எனக்கும் பேரு வெச்சுட்டாங்க. நூத்தி நாலு!"

"சந்தோஷமா வெச்சாங்களா?"

"அந்தப் பொறியாளரம்மா ஒவ்வொரு அடிக்கும் குனிஞ்சு குனிஞ்சு பாக்கறாங்க. வேலியில போய் விழுது, 'ரொம்ப நல்லது, ரொம்ப நல்லது'ங்கறாங்க. என் வாழ்க்கையில யாரும் என்னை இப்பிடிப் பாராட்டினதில்ல." நாற்காலியில் சரிந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "ஆனா வலி பின்னுது."

அக்கா தைலப் புட்டியை அவன் பக்கம் தள்ளினாள். இவர் கை சும்மா மேஜைமேல் கிடந்தது. ஒரு மாதமாக அது வலிக்கவில்லை. மாலையில் அந்த நேரம் வந்தால் அவள் விரலை இவர் நீவிவிடுவார். அவள் இவருடைய மணிக்கட்டைக் கேட்பதில்லை. முதல் சில நாள் பழக்கத்தில் நீட்டிப் பார்த்துவிட்டு, பிறகு நீட்டுவதையும் நிறுத்திவிட்டார்.

"மாமா, ஒரு சந்தேகம்" என்றான் மைத்துனன். "தினமும் நூறு அடி. இப்பிடியே வருஷக்கணக்கா அடிச்சா, எனக்கும் நல்லா வந்துடுமோ?"

"வந்துடும்."

"நெஜமாவா?" அவன் முகம் மலர்ந்தது. பிறகு அதற்குப் பின்னால் இருப்பது மெதுவாக அவனுக்குத் தெரிந்தது. "வந்துட்டா?"

மனைவி நிமிர்ந்து இவரைப் பார்த்தாள். இவர் புட்டியின் மூடியை எடுத்து, உள்ளங்கையில் தைலத்தைக் கவிழ்த்துக்கொண்டு, மைத்துனன் கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வந்தா அன்னைக்கே சொல்லிடு மாப்ள" என்றார். "மறுநாளைக்குத் தள்ளிப் போடாத."